வண்ணமும் வாய்மையும்: ஒல்லாந்தர் வாழ்வு காட்டும் பழம்படங்கள்

நூறாண்டுகளுக்கு முந்தைய ஒளிப்படம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது மங்கிய பழுப்பு நிறத் தாளே ஆகும். ஆயின் அக்காலத்தைச் சேர்ந்த படங்களுள் ஒருவகை, நீல வானத்தையும் பசும்புல் வெளியையும் செந்நிறப் பாவாடையையும் நேற்று எடுத்தவை போலக் காட்டி நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. ‘போட்டோகுரோம்’ எனப் பெயர் பெற்ற இவ்வகை அச்சுப்படங்களை உலகின் பல நாடுகளிலும் ஆர்வலர்கள் தேடிச் சேர்த்து வருகின்றனர். இவற்றுள் ஒல்லாந்தரின் மரபு வாழ்வைக் காட்டும் படங்களுக்குத் தனியிடம் உண்டு. காற்றாலைகள், கால்வாய்கள், மரக் காலணி அணிந்த மீனவர், சரிகைத் தொப்பி அணிந்த பெண்டிர் என விரியும் அப்படங்கள் கண்ணுக்கு விருந்தாவன. ஆயினும் அவற்றைச் சேர்ப்பவர் முதற்கண் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு. இப்படத்தில் நாம் காணும் நிறம் அம்மக்கள் உண்மையில் அணிந்த நிறந்தானா என்பதே அது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லில் எழுந்த படம்

போட்டோகுரோம் என்பது வண்ண ஒளிப்படம் அன்று. ஒளிப்படத்தை அடிப்படையாகக் கொண்ட வண்ணக் கல்லச்சு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இயங்கிய ஓரெல் ஃபூஸ்லி அச்சகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் யாக்கோப் ஷ்மிட் என்பார் 1880களில் இம்முறையைக் கண்டறிந்தார். பின்னர் இதற்கெனவே தனி நிறுவனம் தோன்றி, ஐரோப்பிய நகரங்கள், மலைகள், கடற்கரைகள் ஆகியவற்றின் காட்சிகளை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்றது. 1890கள் முதல் 1910கள் வரையிலான காலமே இப்படங்களின் பொற்காலம் எனலாம்.

இதன் செய்முறை அறியத்தக்கது. கல்லச்சுக்குரிய மென்மையான சுண்ணாம்புக் கல்லின்மேல் ஒளிபட்டால் இறுகும் இயல்புடைய நிலக்கீலைக் கரைத்துப் பூசுவர். அதன்மேல் ஒளிப்படத்தின் எதிர்ப்படிவத்தை வைத்து வெயிலில் காட்டுவர். கோடைக் காலமாயின் 10 முதல் 30 நிமிடங்கள் போதும். குளிர்காலத்தில் பல மணி நேரம் ஆகும். ஒளி மிகுதியாகப் பட்ட இடத்தில் நிலக்கீல் நன்கு இறுகும். குறைவாகப் பட்ட இடத்தில் இளகி நிற்கும். இறுகாத பகுதியைக் கரைப்பான் கொண்டு நீக்கினால் கல்லில் படத்தின் உருவம் எஞ்சும்.

இவ்வாறு ஒரு நிறத்திற்கு ஒரு கல் ஆயத்தமாகும். நீலத்திற்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, மேனி நிறத்திற்கு ஒன்று எனக் குறைந்தது ஆறு கற்கள் வேண்டும். பல படங்களுக்குப் பத்து முதல் பதினைந்து கற்கள் வரை பயன்பட்டன. எந்தக் கல்லில் எந்தப் பகுதி நிற்க வேண்டும், எது அழிய வேண்டும் என்பதைக் கைவினைஞர் ஒருவர் கண்ணால் அளந்து கையால் திருத்துவார். ஒரே தாள் அத்தனை கற்களின் மேலும் இம்மியும் பிசகாமல் ஒவ்வொரு முறையாகச் சென்று வர, மெல்லிய மைப்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து முழுப்படம் உருவாகும்.

இச்செய்முறையில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. படத்தின் வடிவம் ஒளியால் விழுந்தது. நிறமோ மனிதக் கையால் இடப்பெற்றது. படம் எடுத்தவர் ஒல்லாந்துக் கடற்கரையில் நின்றிருந்தார். நிறம் இட்டவர் சூரிச் நகரப் பட்டறையில் அமர்ந்திருந்தார். முன்னவர் எழுதித் தந்த நிறக் குறிப்புகள், தொழிற்பழக்கம், தம் கற்பனை ஆகிய மூன்றே பின்னவருக்குத் துணையாயின.

ஒல்லாந்து ஈர்த்த காரணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதையும் நீராவிக் கப்பலும் ஐரோப்பியப் பயணத்தை எளிதாக்கின. தொழிற்சாலைப் புகை சூழ்ந்த பெருநகரங்களில் வாழ்ந்தோர், பழைமை மாறாத சிற்றூர்களைக் காண விழைந்தனர். ஹென்றி ஹவார் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1874-இல் ஒல்லாந்தின் உள்கடலாகிய ‘ஸாய்டர்ஸே’யின் கரையிலிருந்த நலிந்த நகரங்களைப் பற்றிப் பயண நூலொன்று வெளியிட்டார். அதன்பின் அப்பகுதி பயணிகளின் கண்ணில் பட்டது. வோலண்டாம் என்னும் மீனவச் சிற்றூரில் 1881-இல் தோன்றிய ஸ்பாண்டர் விடுதி, பல நாட்டு ஓவியர்களின் தங்குமிடமாயிற்று. வோலண்டாமுக்கு எதிரே நீர் சூழ்ந்து நின்ற மார்க்கன் தீவும் புகழ்பெற்றது.

வந்து சென்றவர்கள் நினைவுப்பொருளாகப் படங்களை வாங்கினர். பயணிகளிடம் நிழற்படப் பெட்டி பரவாத காலம் அது. வண்ணப்படம் எடுப்பதோ நினைத்தும் பார்க்க இயலாதது. ஆகவே போட்டோகுரோம் பெரிதும் விலைபோயிற்று. ஒல்லாந்தரும் தம் மரபு உடையின் அருமையை அக்காலத்தே உணரத் தொடங்கினர். அரசி வில்ஹெல்மினா 1898-இல் ஆட்சிப் பொறுப்பேற்றபோது, ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் நாட்டின் பல பகுதி உடைகளைக் காட்டும் கண்காட்சி நடத்தப்பெற்றது. ஒரு வழக்கம் அருங்காட்சியகத்திற்குள் நுழைகின்றது என்றால், அது வீதியிலிருந்து விடைபெறத் தொடங்கிவிட்டது என்றே பொருள்.

ஆடை பேசிய மொழி

ஒல்லாந்து மக்களின் மரபு உடை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. அஃது ஊரையும் சமயப் பிரிவையும் மணநிலையையும் துக்கத்தையும் அறிவிக்கும் மொழியாக விளங்கியது. மார்க்கன் தீவினர் சீர்திருத்தக் கிறித்தவர், வோலண்டாமினர் கத்தோலிக்கர். இவ்விரு ஊர்களுக்கும் இடைத்தூரம் சில கல் தொலைவே எனினும் உடை முற்றிலும் வேறு. வோலண்டாம் பெண்ணின் தொப்பி இருபுறமும் சிறகுபோல் மேல் வளைந்து நிற்கும். மார்க்கன் பெண்ணின் உடையிலோ பூவேலை செய்த மார்க்கச்சு சிறந்து தோன்றும். தென்மேற்கிலுள்ள ஸேலந்து மாகாணத்தின் தென் பேவலண்ட் பகுதியில், ஒரே ஊரில் வாழ்ந்த இரு பிரிவுப் பெண்டிரைத் தொப்பியின் வடிவத்தைக் கொண்டே இனங்காண முடிந்தது. சீர்திருத்தப் பிரிவினரின் தொப்பி சிப்பிபோல் வட்டமாகவும், கத்தோலிக்கரின் தொப்பி கோணமாகவும் அமைந்தன.

வடிவத்தினும் ஆழமாகப் பேசியது நிறம். ஸ்டாப்ஹோர்ஸ்ட் என்னும் ஊரில் சிவப்பு மகிழ்ச்சிக்குரியது. நீலமும் ஊதாவும் துக்கம் குறைந்துவரும் காலத்திற்குரியன. கறுப்பு முழுத் துக்கத்திற்குரியது. இறந்தவர் எத்துணை நெருங்கிய உறவினர், அவர் மறைந்து எத்துணைக் காலம் ஆயிற்று என்பனவற்றிற்கேற்ப உடையின் நிறம் படிப்படியாக மாறும். கடலுக்குச் சென்றோர் மீளாத இல்லங்கள் நிறைந்த மீனவ ஊர்களில் இத்தகைய குறியீடுகளுக்கு இருந்த கனம் சொல்லாமலே விளங்கும். அங்கு ஒரு பெண் எதிரே வந்தால், அவள் வாய் திறக்குமுன் அவள் ஆடையே அவள் இழப்பைச் சொல்லிவிடும்.

கண்ணாடித் தகட்டின் குறை

ஈண்டுத்தான் சிக்கல் எழுகின்றது. அக்கால ஒளிப்படத் தகடுகள் எல்லா நிறத்தையும் ஒரே தன்மையாக ஏற்பனவல்ல. அவை நீல ஒளியை மிகுதியாக உணர்ந்தன. சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உணரவே இல்லை. இதனால் வெளிர்நீல வானம் படத்தில் வெறும் வெண்மையாக விழுந்தது. வெளிர்நீலத் துணியும் வெள்ளைத் துணியும் ஒன்றுபோல் தோன்றின. சிவப்புத் துணியோ கறுப்பாகத் தெரிந்தது. எல்லா நிறங்களையும் ஓரளவு சமமாக ஏற்கும் தகடுகள் 1906-ஆம் ஆண்டையொட்டித்தான் வணிகத்திற்கு வந்தன.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருவிழாவிற்குச் செந்நிற ஆடை அணிந்து நின்ற பெண்ணும், கணவனை இழந்து கருநிற ஆடை அணிந்து நின்ற பெண்ணும் அத்தகட்டில் ஏறக்குறைய ஒரே இருள்நிறமாகவே பதிவாயினர். ஊரார் ஒரே பார்வையில் அறிந்த வேறுபாட்டைத் தகடு அறியவில்லை. சூரிச் நகரக் கைவினைஞரிடம் குறிப்பு இருந்தால் உண்மை பிழைத்தது. குறிப்பு இல்லையேல் அவர் அந்த இருளைச் சிவப்பாக்கினாரா கறுப்பாக்கினாரா என்பது, எது கண்ணுக்கு அழகாக இருக்கும் என்னும் எண்ணத்தைப் பொறுத்தே அமைந்தது. துக்கத்திலிருந்த ஒரு தாய், வாங்குவோர் கண் மகிழச் செவ்வாடை உடுத்தி நின்றிருக்கக்கூடும். அப்படங்கள் பலவற்றின் அடியில் ஊரின் பெயர் உண்டு. நின்றவரின் பெயர் இல்லை. ஆகவே மறுத்துச் சொல்வாரும் இலர்.

வானத்தின் நிலையும் இதுவே. படத்தில் காணும் செவ்வானமும் முகிற்கூட்டமும் பல வேளைகளில் பட்டறையில் பிறந்தவை. பகலில் எடுத்த படத்தைக் கருநீலம் ஏற்றி நிலவொளிக் காட்சியாக மாற்றி விற்றதும் உண்டு.

எது சாட்சி, எது செவிவழிச் செய்தி?

அவ்வாறாயின் இப்படங்கள் பொய்யா? அன்று. வழக்காடு மன்றத்தில் கண்ணால் கண்டவர் கூற்றுக்கும் கேட்டவர் கூற்றுக்கும் வேறுபாடு காண்பதுபோல, இப்படங்களிலும் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். கோடும் உருவமும் நேரிற் கண்ட சாட்சி. வண்ணம் செவிவழிச் செய்தி.

கோட்டின் சாட்சியம் எத்துணை வலியது என்பதற்குச் சில சான்றுகள் காண்போம். ரோட்டர்டாம் நகரின் நடுப்பகுதி 1940-ஆம் ஆண்டு மே 14-இல் செருமானிய வானூர்திகளின் குண்டுவீச்சால் அழிந்தது. அங்கிருந்த பழைய துறைமுகத்தையும் தெருக்களையும் காட்டும் போட்டோகுரோம் படங்கள் இன்று விலைமதிப்பற்ற ஆவணங்கள். அத்துறைமுகத்தின் அருகில் 1898-இல் எழுந்த ‘வெள்ளை மாளிகை’ என்னும் உயர்ந்த கட்டடம் குண்டுவீச்சுக்குத் தப்பி இன்றும் நிற்கின்றது. ஒரு படத்தில் அம்மாளிகை நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பின், அப்படம் 1898-க்கு முற்பட்டது எனத் துணியலாம்.

ஸ்கெவனிங்கன் கடற்கரைக்கு 1904 வரை துறைமுகம் இல்லை. தட்டையான அடிப்பகுதி கொண்ட மீன்பிடி மரக்கலங்களை மணலிலேயே இழுத்து நிறுத்தினர். 1894 டிசம்பரில் வீசிய பெரும்புயல் கரையிலிருந்த கலங்கள் பலவற்றைச் சிதைத்தது. அவ்விழப்பே துறைமுகம் அமையத் தூண்டுகோலாயிற்று. மணலில் வரிசையாக நிற்கும் அக்கலங்களைக் காட்டும் படம், மறைந்துபோன ஒரு தொழில்முறையின் சாட்சியாகும்.

ஸாய்டர்ஸேயின் கதை இன்னும் பெரிது. 1916 சனவரியில் அக்கடல் கரையுடைத்துப் புகுந்தது. மார்க்கன் தீவில் மட்டும் 16 பேர் மாண்டனர். 1918-இல் அக்கடலை அடைக்கச் சட்டம் இயற்றப்பெற்றது. பொறியாளர் கார்னெலிஸ் லேலியின் திட்டப்படி 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணை 1932-இல் கட்டி முடிக்கப்பெற்று, உவர்க்கடல் நன்னீர் ஏரியாயிற்று. வெள்ள அச்சம் குறைந்தது. ஆனால் ஹெர்ரிங், நெத்திலி ஆகிய கடல்மீன்களை நம்பி வாழ்ந்தோரின் தொழிலும் மறைந்தது. 1957-இல் மார்க்கன் தீவு சாலையால் நிலத்தோடு இணைந்தது. நம் கையிலுள்ள சிறு படம், கடலாக இருந்தபோது அக்கடலைப் பார்த்த கண்ணாகும்.

உருவத்தைக் காணும்போதும் விழிப்பு வேண்டும். மார்க்கனில் ஆண் குழந்தைகளுக்கும் சிறுவயதில் பெண் குழந்தைகளைப் போலவே பாவாடை அணிவித்தனர். ஆகவே ‘சிறுமியர்’ எனத் தலைப்பிட்ட படத்தில் நிற்பவர் அனைவரும் சிறுமியர்தாம் என்று கொள்வதற்கில்லை.

வண்ணத்தையும் நாம் அறவே தள்ள வேண்டியதில்லை. அது வேறொன்றிற்குச் சாட்சி கூறுகின்றது. 1895-இல் ஒரு பயணி ஒல்லாந்தை எவ்வாறு காண விரும்பினார் என்பதை அது தெளிவாக உரைக்கின்றது. வறுமையும் சேறும் மீன்வாடையும் நீக்கி, பொம்மைபோல் துலக்கிய ஓர் ஊரை அவர் விரும்பினார், அவ்விருப்பம் அச்சாயிற்று.

சோழமண்டலத்துத் தொடர்பு

ஒல்லாந்தரின் உடைநிறம் பற்றிப் பேசுங்கால் நம் கரையை மறத்தல் இயலாது. பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை அமைத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுமம், 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றி 1781 வரை தன்வசம் வைத்திருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அவர்கள் ஏற்றிச் சென்ற சரக்குகளுள் தலையாயது, கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணி. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைத்தாலும் மங்காதது கண்டு ஐரோப்பியர் வியந்தனர். ஒல்லாந்தர் அதனைச் ‘சிட்ஸ்’ என்றனர். ‘சீட்டி’ என நம் வழக்கில் வாழும் சொல்லுக்கு உறவுடையது அது.

அத்துணி ஒல்லாந்துச் சிற்றூர்களின் மரபு உடையாகவே ஆகிவிட்டது. வடக்கே ஹிண்டலோப்பன் என்னும் ஊர்ப் பெண்டிர் பூவேலைச் சிட்ஸ் துணியால் நீண்ட மேலங்கி தைத்து அணிந்தனர். துக்கக் காலத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த சிட்ஸ் துணியைத் தேர்ந்தனர். ஸ்பாக்கன்புர்க் ஊரில் கஞ்சியிட்டு விறைப்பாக்கிய சிட்ஸ் தோளாடை இன்றும் முதியோர் சிலரால் போற்றப்படுகின்றது. எங்கோ ஒரு வடகடல் ஊரில் ஒரு பெண்ணின் துக்கத்தை அறிவித்த நீலம், நம் கரையின் சாயத்தொட்டியில் பிறந்ததாக இருக்கலாம் என்னும் எண்ணம் நம்மை அப்படங்களின் அருகே கொண்டு செல்கின்றது. பழவேற்காட்டில் இன்றும் நிற்கும் ஒல்லாந்தர் கல்லறைகளைக் கண்டோர்க்கு இத்தொடர்பு வியப்பளிக்காது.

சேர்ப்போர் அறிய வேண்டுவன

பழம்படம் சேர்க்க விழைவோர் முதலில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குதல் நன்று. அதன்வழி நோக்கினால் போட்டோகுரோம் படத்தில் மையின் ஒழுங்கற்ற நுண்புள்ளிகள் தெரியும். இக்கால இயந்திரப் படியாயின் சீரான வரிசையில் அமைந்த வண்ணப் புள்ளிகள் தெரியும், அது பழையதன்று. உண்மைப் படங்கள் பலவற்றின் கீழ்விளிம்பில் பொன்னிற எழுத்தில் ஊர்ப்பெயரும் வரிசை எண்ணும், சூரிச் நிறுவனத்தைச் சுட்டும் ‘பி. இஸட்.’ என்னும் முதலெழுத்துகளும் காணப்படும். அளவு பெரும்பாலும் ஆறரை அங்குலத்திற்கு ஒன்பது அங்குலம்.

வெயில் படும் சுவரில் இவற்றை மாட்டுதல் கூடாது. ஒட்டுநாடா, பசை, நெகிழித்தாள் உருக்கி ஒட்டுதல் ஆகியவை படத்திற்குப் பகை. அமிலமற்ற தாளுறையில், ஈரமும் வெப்பமும் மிகாத இடத்தில் கிடைமட்டமாக வைத்தல் வேண்டும். நம் நாட்டு மழைக்காலத்தில் பூஞ்சையே முதற்பகை என்பதை மறத்தலாகாது. பழுப்பேறிய அட்டையில் ஒட்டியிருந்தால் தாமே பிரிக்க முயலாமல், அத்துறை வல்லாரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

பொருள் செலவிட இயலாத மாணவர்க்கும் வழியுண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1985-இல் பெற்ற பெருந்தொகுப்பு உட்பட, ஏறத்தாழ 6,500 போட்டோகுரோம் படங்களை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காண வைத்துள்ளது. ஒல்லாந்துக் காட்சிகள் அவற்றுள் நிரம்ப உள்ளன. எங்க்ஹைசன் நகரிலுள்ள ஸாய்டர்ஸே அருங்காட்சியகம் அம்மக்களின் வீடுகளையும் உடைகளையும் கலங்களையும் பாதுகாத்து வருகின்றது. படத்தின் நிறத்தை அங்குள்ள உண்மை உடையின் நிறத்தோடு ஒப்பிடுதலே சேர்ப்போர்க்குரிய சிறந்த ஆய்வாகும்.

நிறைவாக

இன்று கணினி நிரல்கள் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நொடிப்பொழுதில் வண்ணம் ஏற்றுகின்றன. நம் முன்னோர் படங்களையும் அவ்வாறு மாற்றிக் கண்டு மகிழ்கிறோம். சூரிச் கைவினைஞரிடமாவது சில வேளை ஊரிலிருந்து வந்த குறிப்பு இருந்தது. கணினியிடம் இருப்பதோ பிற படங்களிலிருந்து கற்ற ஊகம் மட்டுமே. பாட்டியாரின் சேலை பச்சையா அரக்கா என்பதை அறிந்தவர் வீட்டில் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வைப்போமாயின், அவ்வொரு வரி எந்த நிரலினும் உயர்ந்த சான்றாகும். நின்றவரின் பெயரையும் உடன் எழுதுதல் வேண்டும்.

மார்க்கன் தீவில் நின்ற அந்தப் பெயரறியாப் பெண்ணுக்கு அவ்வாறு எழுதி வைப்பார் இலர். ஆகவே அவள் உடுத்தியது மகிழ்ச்சியின் நிறமா துக்கத்தின் நிறமா என்பதைப் படம் மட்டும் நமக்குச் சொல்லாது. அழகிய வண்ணத்தைக் கண்டு மகிழ்வோம். அதே வேளையில் அதனை இட்டவர் யார், எவ்வாறு அறிந்தார் என்றும் கேட்போம். பழம்பொருள் சேர்ப்பதை அறிவுத் தொண்டாக உயர்த்துவது அக்கேள்வியே.